இருட்டில் இருந்தவர்களுக்கு வேலைநிறுத்தம் எது?

1996 ஆம் ஆண்டு மே மாதத்தின் கடைசி நாட்கள் இன்னும் நினைவில் நிற்கின்றன. கொழும்பு நகரம் முழுவதும் இருளில் கிடந்தது. பத்திரிகை அலுவலகத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்தோம். அச்சு இயந்திரத்துக்கு மட்டும் ஜெனரேட்டர் ஓடியது. இலங்கை மின்சார சபை ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தனர். ஏறத்தாழ மூன்று நாட்கள் நாட்டின் மின்விநியோகம் நின்றுபோயிற்று. தண்ணீர் இல்லை என்றும், குளிர்சாதனப் பெட்டியில் இருந்த மீன் பழுதாகிவிட்டது என்றும் தலைநகரம் புலம்பியது. நாங்களும் அந்தப் புலம்பலைத்தான் தலைப்புச் செய்தியாக்கினோம்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 வீதி திறக்கப்பட்ட பின், கிளிநொச்சிக்குச் சென்றிருந்தேன். ஒரு முதியவரின் கொட்டிலில் தேநீர் அருந்தியபடி பழைய கதைகளைப் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த மூன்று நாள் இருட்டைப் பற்றியும் சொன்னேன். அவர் சிரித்தார். அந்தச் செய்தியைத் தாமும் வானொலியில் கேட்டதாகவும், பற்றரி கிடைக்காத காலமாகையால் பேரன் சைக்கிள் மிதித்து டைனமோவில் வானொலியை இயக்கியதாகவும் கூறினார். அப்போது வன்னியில் மின்சாரம் நின்று ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. மூன்று நாளுக்கு ஒரு நாடே பதறுகிறதே என்று வீட்டார் வியந்தார்களாம்.

அந்தச் சிரிப்பு என்னை உறுத்தியது. மின்சாரத் தொழிலாளரின் போராட்ட வரலாற்றை அதுவரை ஒரு பக்கத்திலிருந்தே பார்த்து வந்திருக்கிறேன் என்று தோன்றியது. இக்கட்டுரை அந்த மறுபக்கத்தையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு முயற்சி.

இலங்கையில் மின்சாரமும் தொழிற்சங்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே வளர்ந்தவை. கொழும்பில் டிராம் வண்டிகளையும் மின்விளக்குகளையும் முதலில் நடத்தியது போஸ்டெட் என்ற ஆங்கிலேய நிறுவனம். 1929 இன் தொடக்கத்தில் அந்த டிராம் தொழிலாளர் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். கலவரம் மூண்டது. மருதானை பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது. பொலிசாரின் துப்பாக்கிப் பிரயோகத்தில் ஐவர் மாண்டனர். அதே ஆண்டில் முதலாளிமார் சம்மேளனமும் குணசிங்கவின் தொழிற்சங்கமும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தன. இலங்கையின் முதலாவது கூட்டு ஒப்பந்தமாக அதனையே குறிப்பிடுவர். தொழிலாளியை எதிரே அமர்த்திப் பேசியாக வேண்டும் என்பதை முதலாளிகள் ஒப்புக்கொண்ட தருணம் அது.

ஆனால் அதே குணசிங்க 1930 களில் மலையாளத் தொழிலாளருக்கு எதிரான இயக்கத்தை நடத்தினார் என்பதையும் மறக்கலாகாது. பேச்சுவார்த்தை மேசையில் தமக்கு ஓர் ஆசனம் பெற்றவர்கள், அடுத்தவருக்கு அது கிடைக்காமற் செய்ததும் உண்டு.

1950 இல் லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இலேயே முன்வைத்த யோசனை அது. அப்போது மின்சாரம் ஓர் அரசாங்கத் திணைக்களத்தின் பொறுப்பில் இருந்தது. அதே 1950 இல்தான் கைத்தொழிற் பிணக்குகள் சட்டமும் நிறைவேறியது. பிணக்கு எழுந்தால் தொழில் ஆணையாளர் முன்னிலையில் இணக்கம் காணுதல், இயலாவிடின் நடுத்தீர்ப்பு, பேசி முடித்ததைக் கூட்டு ஒப்பந்தமாகப் பதிதல் என்ற ஒழுங்கை அச்சட்டம் வகுத்தது. அரசை முதலாளியாகக் கொண்ட ஊழியருக்கு மட்டும் அது பொருந்தாது. 1969 நவம்பரில் இலங்கை மின்சார சபை ஒரு கூட்டுத்தாபனமாக உருவானதும் அதன் ஊழியருக்கு அந்தச் சட்டத்தின் கதவு திறந்தது. அரச உத்தியோகத்தர் என்ற நிலையிலிருந்து, சபையோடு பேரம் பேசக்கூடிய தொழிலாளர் என்ற நிலைக்கு அவர்கள் வந்தனர்.

பேரம் பேசும் பலம் எங்கிருந்து வருகிறது? தேயிலைத் தோட்டத் தொழிலாளி வேலையை நிறுத்தினால் தோட்டத்துரைக்கே முதலில் நட்டம். மின்சாரத் தொழிலாளி நிறுத்தினால் நாடே நிற்கும். மின்கம்பி எத்தனை வீடுகளைத் தொடுகிறதோ, அத்தனை வீடுகளின் பதற்றம் அவனுடைய கோரிக்கைக்குப் பின்னால் வந்து நிற்கும். அரசுகள் அவனுக்கு அஞ்சுவதும், அவனைப் பொதுமக்களின் எதிரியாகக் காட்டுவதும் இதனாலேயே.

வன்னிக்கும் ஒரு காலத்தில் அந்தக் கம்பி வந்திருந்தது. அனுராதபுரத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி வழியாகச் சுன்னாகம் வரை உயர் அழுத்த மின்மார்க்கம் சென்றது. பரந்தனில் அரசாங்கத்தின் இரசாயனத் தொழிற்சாலை இருந்தது. ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த தொழிற்சாலை அது. உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்திப் பிரித்தெடுக்கும் முறையாதலால் மின்சாரமே அதன் உயிர்நாடி. இரணைமடுக் குளத்து வயல்களுக்கு நடுவே மாதச் சம்பளம் பெற்ற தொழிலாளர் சமூகம் ஒன்று அங்கே வாழ்ந்தது. 1980 களின் நடுப்பகுதியில் போர் அந்தத் தொழிற்சாலையை மூடிற்று. 1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் வெடித்தபின் தேசிய மின்கட்டமைப்பிலிருந்து வடக்கு துண்டிக்கப்பட்டது. அரச கட்டுப்பாட்டிலிருந்த வவுனியா நகரத்தோடு வெளிச்சம் நின்றது. அதற்கு வடக்கே கோபுரங்கள் சரிந்தன, கம்பிகள் அறுந்தன.

பொருளாதாரத் தடை அதற்கு மேல் வந்தது. பற்றரியும் மெழுகுவர்த்தியும் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தன. மண்ணெண்ணெய் விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. சிறிய போத்தலில் திரி போட்டு, சில துளி எண்ணெயில் எரிந்த விளக்கில் ஒரு தலைமுறை படித்துப் பரீட்சை எழுதியது.

தெற்கில் தொழிற்சங்கங்களும் வேறொரு வகையில் அடிவாங்கியிருந்தன. 1979 இல் அத்தியாவசியப் பொதுச்சேவைகள் சட்டம் வந்தது. 1980 ஜூலையில் முந்நூறு ரூபாய் சம்பள உயர்வு கேட்டு நடந்த பொது வேலைநிறுத்தத்தை ஜே. ஆர். ஜயவர்த்தனவின் அரசாங்கம் நசுக்கியது. சுமார் 40,000 பேர் வேலை இழந்தனர். வடக்கில் பயங்கரவாதத் தடைச் சட்டமும், தெற்கில் அத்தியாவசியச் சேவைகள் சட்டமும் ஒரே ஆண்டில் ஒரே பாராளுமன்றத்தில் பிறந்தவை. இரண்டுக்கும் கை உயர்த்தியது ஒரே பெரும்பான்மை. இதனை இரு தரப்பு மக்களும் சேர்த்துப் பார்த்திருந்தால் வரலாறு வேறாக இருந்திருக்குமோ என்று நான் எண்ணுவதுண்டு.

இனி 1996 க்கு வருவோம். மழை பொய்த்த ஆண்டு அது. நீர்த்தேக்கங்கள் வற்றி, ஏற்கனவே மின்வெட்டு நடைமுறையில் இருந்தது. மின்சார சபை தனியார் கைக்குப் போய்விடும் என்ற அச்சமே ஊழியரை வேலைநிறுத்தத்துக்குத் தள்ளியது. சபையைத் தனியார்மயமாக்குவதில்லை என்ற உறுதிமொழியை அவர்கள் கோரினர். அரசாங்கம் அவசரகால விதிகளின் கீழ் மின்விநியோகத்தை அத்தியாவசிய சேவையாகப் பிரகடனம் செய்தது. மின்நிலையங்களுக்குப் படையினர் அனுப்பப்பட்டனர். ஊழியர் வேலைக்குத் திரும்பினர், விளக்குகள் எரிந்தன.

அப்போது மின்சக்தி அமைச்சராக இருந்தவர் அனுருத்த ரத்வத்த. பாதுகாப்புப் பிரதியமைச்சரும் அவரே. 1995 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் கொடியேற்றியவர். கொழும்பில் வெளிச்சம் திரும்பிய இரண்டு மாதங்களுக்குள் முல்லைத்தீவு முகாம் வீழ்ந்தது. அடுத்து 'சத்ஜய' படை நடவடிக்கை தொடங்கி, செப்டம்பர் இறுதியில் கிளிநொச்சி நகரம் படையினர் வசமானது. இலட்சக்கணக்கான மக்கள் காடுகளுக்குள்ளும் மர நிழல்களுக்கும் இடம்பெயர்ந்தனர். மறு ஆண்டு மே மாதத்தில் 'ஜயசிக்குறு' தொடங்கியது. நாட்டுக்கு வெளிச்சம் தரும் பொறுப்பும் வன்னியில் போர் நடத்தும் பொறுப்பும் ஒரே மேசையில் இரண்டு கோப்புகளாக இருந்தன. தொழிற்சங்கத் தலைவர்கள் அந்த மேசையின் முன் அமர்ந்து முதற் கோப்பைப் பற்றிப் பேசினர். இரண்டாவது கோப்பு அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலில் இல்லை.

நான் அவர்களைக் குற்றவாளிகளாக்க விரும்பவில்லை. தொழிற்சங்கம் தன் உறுப்பினருக்காகப் பேசுவதற்கே உருவானது. பொதுச்சொத்தைக் காக்க அவர்கள் நடத்திய போராட்டம் நியாயமானது, பயனும் தந்தது. 2002 இல் மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்கும் மறுசீரமைப்புச் சட்டம் நிறைவேறியும், தொழிற்சங்கங்களின் எதிர்ப்பினால் அது நடைமுறைக்கு வரவில்லை. கொழும்பில் சபையை எத்தனை துண்டாக்குவது என்று வாதிட்ட அதே ஆண்டில்தான் நான் கிளிநொச்சியில் ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே அந்த முதியவரோடு பேசிக்கொண்டிருந்தேன்.

2009 இல் போர் முடிந்தது. அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. கண்ணிவெடி அகற்றிய நிலத்தில் புதிய மின்கம்பங்கள் நடப்பட்டன. யப்பானியக் கடனுதவியில் வவுனியா–கிளிநொச்சி மின்மார்க்கம் மீள அமைக்கப்பட்டு 2012 இல் கிளிநொச்சி உப மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 2013 இல் சுன்னாகமும் தேசிய மின்கட்டமைப்போடு இணைந்தது. இருபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின் மலைநாட்டு ஆறுகளின் மின்சாரம் யாழ்ப்பாணத்தைத் தொட்டது.

அந்தக் காலத்தில் மின்சார சபைக்குள் புதிய பிரச்சினை ஒன்று முற்றியிருந்தது. 'மேன்பவர்' என்று சொல்லப்படும் ஆளணி வழங்கும் நிறுவனங்கள் ஊடாக ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்தனர். நிரந்தர ஊழியருக்குப் பக்கத்தில் நின்று, அதே வேலையை, அவருக்குள்ள உரிமைகள் இல்லாமற் செய்தவர்கள் அவர்கள். நிரந்தர நியமனம் கோரி அவர்கள் நீண்டகாலம் வீதியில் நின்றார்கள். 2017 செப்டம்பரில் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி மற்றொரு வேலைநிறுத்தம் நடந்தது. 1999 இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, 40 சதவீத ஊழியரை உறுப்பினராகக் கொண்ட சங்கத்தோடு பேச முதலாளி மறுக்க முடியாது. ஆயினும் ஒரே வேலைத்தளத்தில் இருவேறு முதலாளிகளின் ஆட்களாக ஊழியர் பிரிக்கப்பட்டால் அந்தக் கணக்கில் யார் சேர்வார், யார் விடுபடுவார்?

இறுதியில் வன்னி பேச்சுவார்த்தை மேசைக்கே வந்தது, ஆனால் மக்களின் பெயரால் அன்று, காற்றின் பெயரால். மன்னாரிலும் கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைகளை அமைக்க இந்தியாவின் அதானி நிறுவனம் முன்வந்தது. போட்டி விலைமனு இன்றி இத்தகைய திட்டங்களை வழங்க இடந்தரும் சட்டத் திருத்தத்தை எதிர்த்து, 2022 ஜூன் 8 நள்ளிரவில் மின்சார சபைப் பொறியியலாளர் சங்கம் வேலைநிறுத்தம் தொடங்கியது. அரசாங்கம் மறுபடியும் அத்தியாவசிய சேவைப் பிரகடனத்தைக் கையிலெடுத்தது. பேச்சுவார்த்தைக்குப் பின் வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது. மறுநாளே 120 வாக்குகளால் திருத்தம் நிறைவேறியது. 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் அத்திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது.

பொறியியலாளர் எழுப்பிய கேள்வி, விலையைப் பற்றியும் வெளிப்படைத்தன்மையைப் பற்றியுமானது. அது சரியான கேள்வியே. பூநகரியின் விவசாயியும் மீனவனும் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எங்கள் நிலத்தில் சுழலும் காற்றாடியால் எங்களுக்கு வருவது என்ன, போவது என்ன? அதைக் கேட்பதற்கு அவர்களுக்கு வேலைநிறுத்தம் என்ற ஆயுதம் இல்லை. அவர்கள் எதை நிறுத்தினாலும் கொழும்பில் ஒரு விளக்கும் அணையாது.

2024 இல் 36 ஆம் இலக்கச் சட்டமும் 2025 இல் அதற்கான திருத்தமும் மின்சார சபையைத் தனித்தனிக் கம்பனிகளாக்க வழிசெய்துவிட்டன. 1996 முதல் தொழிற்சங்கங்கள் தடுத்து வந்தது நடந்தேறுகிறது. தங்கள் சேவைக்காலம், ஓய்வூதிய நிதி, இடமாற்றம் ஆகியவற்றுக்கு ஊழியர் உத்தரவாதம் கேட்டுப் போராடினர். 2025 செப்டம்பரில் மின்விநியோகம் மறுபடி அத்தியாவசிய சேவையாயிற்று. ஆட்சிகள் மாறின, வர்த்தமானி வாசகம் மாறவில்லை.

இன்று கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கம்பத்தில் ஏறும் தமிழ் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டன்மார் போத்தல் விளக்கில் காலம் கழித்தவர்கள். மேசையின் இரு பக்கத்தையும் அறிந்த தலைமுறை அது. அவர்களில் ஒருவர் நாளை ஊழியர் சார்பில் பேச அமரும்போது, சம்பளப் பட்டியலுக்குக் கீழே, இன்னும் இணைப்புக் கிடைக்காத கடைசி வீட்டையும், காற்றாடி நிழல் விழப்போகும் வயலையும் ஒரு வரியாகவேனும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. 1996 இல் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நான் திருத்திய செய்தியில் அந்த வரி இல்லை. சைக்கிள் மிதித்து வானொலி கேட்ட பேரனுக்கு இப்போது நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். அந்த வரியை இவ்வளவு காலம் பிந்தியாவது எழுத வேண்டும் என்றே இதனை எழுதினேன்.