பிசாரோ கண்ட பாரிசு வீதி

பிரான்சு தேசத்தில் கணநேர ஒளியைக் கண்டவாறே தீட்ட முயன்ற மனப்பதிவு ஓவியர்களுள் மூத்தவர் கமீல் பிசாரோ. வயலும் தோட்டமும் அங்கு உழைப்போருமே நெடுங்காலம் அவர்தம் ஓவியங்களிற் பெரிதும் இடம்பெற்றன. முதுமையில் வலக்கண்ணைப் பற்றிய தீரா நோய், காற்றும் தூசியும் படும் வெளியில் நின்று தீட்டும் வழக்கத்தைத் தடுத்துவிட்டது. வெட்டவெளியில் வரைதலையே கொள்கையாகக் கொண்டவருக்கு இது பேரிழப்பன்றோ? 1897ஆம் ஆண்டு பெப்ருவரியில், தமது 66ஆம் வயதில், பாரிசு நகர விடுதியொன்றிற் பெரிய அறை அமர்த்தி, யன்னலருகே இருந்து தீட்டலானார்.

கீழே மொன்மாத்ர் பெருவீதி. ஏப்பிரல் நடுப்பகுதிவரை அதனையே 14 முறை தீட்டினார். வீடுகளும் மரங்களும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. மாறுவது அவற்றைச் சூழ்ந்த காற்றும் ஒளியுமே. மூடுபனிக் காலையில் வீதியின் தூரமுனை சாம்பல் நிறத்துட் கரைகின்றது. மழை ஓய்ந்த வேளையில் நனைந்த தளம் வானத்தையே ஏந்தி நிற்கின்றது. மாரிமழை விட்ட மாலையிற் காங்கேசன்துறை வீதியைக் கண்டோர்க்கு இஃது எளிதில் விளங்கும்.

மாந்தரோ வெறும் தூரிகைத் தீற்றல்கள். 1874இல் மொனே கபுசீன் வீதியை இவ்வாறு காட்டியபோது, லூயி லெருவா என்னும் பத்திரிகையாளர் எள்ளி நகையாடினார். உயரத்து யன்னலிலிருந்து நோக்குவோர்க்குக் கூட்டத்தின் முகங்கள் தெரிவதில்லை என்பதை அவர் எண்ணிப் பார்த்திலர்.

நகரொன்றை வேளைக்கு வேளை நோக்குதல் தமிழர்க்குப் புதிதன்று. மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் நாளங்காடியையும் அல்லங்காடியையும் இரவின் யாமங்களையும் முறையே காட்டியுள்ளார். ஆயின், அவர் பொழுதைப் பிரித்துணர்த்துவது பெரும்பாலும் மாந்தர்தம் செயல்களால். பிசாரோ பிரித்துணர்த்துவது ஒளியால்.

இவ்வேறுபாடு இராக்காட்சியில் நன்கு புலனாகும். பதினான்கனுள் இரவைக் காட்டுவது அஃதொன்றே. வீதி நடுவே மின்விளக்குகள் குளிர்ந்த வெண்மையாகவும், கடைகளின் வாயுவிளக்குகள் வெம்மை தோய்ந்த மஞ்சளாகவும், குதிரைவண்டி விளக்குகள் சிறு பொறிகளாகவும் ஒளிர்கின்றன. ஈரத்தளத்தில் அவை ஒன்றோடொன்று கலக்கின்றன. பகற்காட்சிகளைத் தீட்டிய கை இங்கே இன்னும் துணிந்து செல்கின்றது. எனினும், இப்படத்திற் பிசாரோ கையொப்பமிடவில்லை. 1903இல் இறக்கும்வரை காட்சிக்கு வைக்கவுமில்லை. முற்றுப்பெறவில்லை என்று எண்ணினார் போலும். இன்று அது இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கின்றது.