காமன் ஈ.பி. பில் ஏன் இப்படி ஏறியது?

கடந்த பொதுக்குழுவில் உங்களில் பலர் கேட்ட கேள்வி இது. லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு எல்லாம் பழையவைதானே, பில் மட்டும் எப்படி எகிறியது? பதில் சொல்ல 1970-க்குப் போக வேண்டும்.

அந்த வருடம் கோவைப் பக்கத்து விவசாயிகள் பம்புசெட் மின்கட்டணத்தில் யூனிட்டுக்கு ஒரே ஒரு பைசா குறைக்கச் சொல்லிப் போராடினார்கள். ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகள் கோவை நகரத்தையே அடைத்து நின்றன. கிணற்று நீர் கீழே போகப் போக அதே ஏக்கருக்கு அதிக கரண்ட் செலவாகும். அவர்களுக்கு அந்த ஒரு பைசா சின்ன விஷயம் இல்லை. என்னால் அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை.

ஆனால் அதற்குப் பின் மின்கட்டணம் என்றாலே ஆட்சியாளர்களுக்குப் பயம். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. 2003-ல் அதை நிறுத்திப் பார்த்தார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் தோற்றதும் திரும்பக் கொடுத்துவிட்டார்கள்.

அரசியல் தலையீடு வேண்டாம் என்றுதான் 1999-ல் ஒழுங்குமுறை ஆணையம் வந்தது. அது 2003-ல் கட்டணம் நிர்ணயித்தது. அடுத்த ஆணை 2010-ல்! நிலக்கரி விலையும் சம்பளமும் ஏழு வருடம் காத்திருக்குமா? வாரியம் கடன் வாங்கி ஓட்டியது. 2012-ல் ஒரேயடியாக ஏற்றினார்கள். பவர்கட்டும் சேர்ந்து படுத்திய வருடம் அது, மறந்திருக்க மாட்டீர்கள். 2014 டிசம்பருக்குப் பிறகு மறுபடி உறக்கம். நடுவில், 2016-ல், எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2017-ல் உதய் திட்டத்தில் வாரியத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசு ஏற்றுக்கொண்டது. பில்லில் வராதது வரியில் வந்தது, அவ்வளவுதான்.

2022 செப்டம்பரில் எட்டு வருடப் பாக்கி ஒன்றாக வந்து இறங்கியது. அதுவரை வீட்டுக் கட்டணத்திலேயே இருந்த நம் பொது இணைப்பு, தனிப் பிரிவாகி யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆனது. 100 யூனிட் சலுகையும் போயிற்று. ஓட்டு வீட்டுக்குத்தான், லிஃப்ட்டுக்கு இல்லையே! 2023-ல் சிறிய குடியிருப்புகளுக்கு 5.50 ரூபாயாகக் குறைத்தார்கள்: பத்து வீடுகளுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாமல் இருந்தால். நமக்கு லிஃப்ட் இருக்கிறது.

இதில் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த உயர்வுக்கு முன், 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் ஆணையம் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியது. யார் வேண்டுமானாலும் பேசலாம். நம் குடியிருப்பிலிருந்து ஒருவரும் போகவில்லை. நானும்தான். அடுத்த அறிவிப்பு வந்ததும் கீழே நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறேன். வரக்கூடியவர்கள் பெயர் கொடுங்கள்.