விட்ட குறையும் தொட்ட குறையும்: சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் பட்டப்படிப்புக்குத் திரும்பியோரின் வரலாறு

வறுமையாலோ குடும்பச் சுமையாலோ இடையில் விட்ட படிப்பை முப்பது, நாற்பது வயதில் மீண்டும் தொட வருவோரிடம் கல்லூரி கேட்கும் முதற்கேள்வி, முன்பு எந்தத் தேர்வில் தேறினீர்கள் என்பது. அவர்களுக்கு இப்போது என்ன தெரியும் என்பதை எவரும் கேட்பதில்லை. இவ்வழக்கத்தை மாற்றிப் பார்க்க முயன்ற இந்திய மாநிலங்களுள் முதலாவது ஆந்திரப் பிரதேசம். அம்மாநிலத்தின் தென்கோடியில், தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் நின்று பார்த்தால், அம்முயற்சியின் பெருமையும் அதன் குறையும் ஒருசேரத் தெரியும்.

1911 வரை சித்தூர், வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 1 அன்று சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது மாவட்டம் அதனோடு சென்றது. படாஸ்கர் பரிந்துரையின் அடிப்படையில் 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்துக்கு வந்தது. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் முதலிய ஊர்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் எல்லைக்கு அப்பால் தங்கின. ஒரே குடும்பத்தின் ஒரு கிளை திருத்தணியிலும் மறுகிளை நகரியிலும் வாழ்வது இங்கே புதுமையன்று. கல்வி விதிகள் மட்டும் எல்லைக்கோட்டின் இருபுறமும் வெவ்வேறாயின.

1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டது. தேர்வு நடத்துவதும் பட்டம் அளிப்பதும் பல்கலைக்கழகத்தின் பணி. கற்பிப்பது இணைப்புக் கல்லூரிகளின் பணி. மறு ஆண்டே இலண்டன், கல்லூரியில் பயிலாதவரும் எங்கிருந்தும் தேர்வெழுதலாம் என்று தன் விதியைத் தளர்த்திக்கொண்டது. சென்னையோ கல்லூரி வருகையை விடாமல் பற்றிக்கொண்டது. வேலையில் இருப்பவர், ஊரை விட்டு வர இயலாதவர், வயது கடந்தவர் எனப் பலரையும் பட்டத்திலிருந்து விலக்கி வைத்தது இந்த ஒற்றை விதி.

இம்மதிலில் ஒரு சிறு திட்டிவாசல் இருந்தது. கீழ்த்திசை மொழிகளுக்கான வித்துவான் தேர்வைத் தனியே படித்தும் எழுதலாம். அவ்வழியே நுழைந்தவர்களுள் தமிழுலகம் நன்கறிந்தவர் மு. வரதராசனார். சித்தூர் பிரிந்த மறு ஆண்டான 1912இல் பிறந்த அவர், அன்றைய வட ஆர்க்காட்டைச் சேர்ந்தவர். பள்ளிப் படிப்புக்குப் பின் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றி, உடல்நலக் குறைவால் அதை விட்டார். திருப்பத்தூரில் முருகைய முதலியாரிடம் தமிழ் கற்று, 1935இல் வித்துவான் தேர்வில் முதல் மாணவராகத் தேறினார். பள்ளியில் ஆசிரியராக இருந்துகொண்டே படித்து 1939இல் பி.ஓ.எல். பட்டமும், பின்னர் முதுகலை, முனைவர் பட்டங்களும் பெற்றார். வேலையையும் படிப்பையும் ஒருசேரச் சுமந்த இவ்வாழ்க்கை, நெகிழ்வான விதி ஒன்று எத்தகைய அறிஞரை உருவாக்கவல்லது என்பதற்குச் சான்று. ஆனால் அவ்வாசல் மொழிப் புலமைக்கு மட்டுமே திறந்தது. பொருளியலோ வணிகவியலோ படிக்க விரும்பிய எழுத்தருக்கு அதில் இடமில்லை. வித்துவான் பட்டத்தோடு பணியேற்ற தமிழாசிரியர், பி.ஏ. படித்தவருக்கு இணையான ஊதியமும் மதிப்பும் இன்றி நெடுங்காலம் வாழ நேர்ந்தது. தேர்வில் தேறுவது ஒன்று, தேறியதை உலகம் ஏற்பது வேறொன்று என்பது அன்றே வெளிப்பட்டது.

திருப்பதியில் திருமலை தேவஸ்தானம் 1945இல் ஸ்ரீ வேங்கடேசுவரா கலைக் கல்லூரியைத் தொடங்கியது. 1954இல் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் உருவாயிற்று. ஊர்க்கோடியில் உயர்கல்வி வந்து நின்றது உண்மை. எனினும் பகல்வேளையில், பதினேழு வயதில், பள்ளியை முடித்த கையோடு வருவோருக்காகவே அது அமைந்திருந்தது. நகரியின் விசைத்தறிக்கூடத்தில் பாவு பூட்டுபவரோ, திருமலைக் கடைகளில் நாள் முழுதும் நிற்பவரோ, ரேணிகுண்டா இரயில் நிலையத்தில் இரவுப்பணி பார்ப்பவரோ அந்தக் கணக்கில் வரவில்லை.

1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, மாலைக் கல்லூரிகளையும் அஞ்சல்வழிப் படிப்பையும் பெருக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. 1971இல் மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியில் இறங்கியது. அதே ஆண்டில் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பொறுப்புக்கு வந்தவர் மு. வரதராசனார். தனியே படித்துப் பட்டம் பெற்றவரின் காலத்தில், தனியே படிப்போருக்கான நிறுவனம் மதுரையில் வேரூன்றியது வரலாற்றின் அழகிய பொருத்தம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும் சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் இவ்வழியைப் பின்பற்றின. தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்த எல்லைப்புறத்தாருக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த அஞ்சல் பாடங்கள் பயன் தந்தன. திருப்பதிப் பல்கலைக்கழகமும் தொலைநிலைக் கல்வியை மேற்கொண்டது.

ஆயினும் அஞ்சல்வழிக் கல்வி வகுப்பறையை நீக்கியதேயன்றி நுழைவு விதியை நீக்கவில்லை. புகுமுக வகுப்போ இண்டர்மீடியட்டோ மேல்நிலைத் தேர்வோ தேறியிருந்தால்தான் பட்டப்படிப்பில் சேரலாம். எட்டாம் வகுப்போடு நின்றவருக்கு வாசல் மூடியே இருந்தது.

அவ்வாசலைத் திறந்தது 1982. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969இல் அரச சாசனம் பெற்று, 1971இல் முன்தகுதி கேளாமல் மாணவர்களைச் சேர்த்திருந்தது. அதன் வழியில் 1982 ஆகஸ்டு 26 அன்று ஐதராபாத்தில் ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதுவே. அரசியல் அறிவியல் அறிஞர் ஜி. ராம் ரெட்டி முதல் துணைவேந்தரானார். பள்ளிச் சான்று இல்லாதவரும் நுழைவுத் தேர்வு எழுதித் தேறினால் இளநிலைப் பட்டப்படிப்பில் சேரலாம் என்பது அன்று அதன் உயிர்நாடியான விதியாக இருந்தது. அச்சிட்ட பாடங்கள், வானொலி உரைகள், மாவட்டங்களில் ஏற்கெனவே இயங்கிவந்த கல்லூரிகளில் விடுமுறை நாள் வகுப்புகள் என்னும் ஏற்பாட்டால், பணியை விடாமலே படிக்க முடிந்தது. 1991இல் அதற்கு டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்று பெயர் மாற்றப்பட்டது. கல்வி மறுக்கப்பட்டோரின் உரிமைக்குக் குரல் கொடுத்தவரின் பெயரை ஏற்க அதனினும் தகுதியான நிறுவனம் அரிது.

1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதற்கும் முதல் துணைவேந்தர் ராம் ரெட்டியே. மேல்நிலைத் தேர்வு முடிக்காதவர்களுக்கு ஆயத்தப் படிப்பு ஒன்றை அது நடத்தியது. அதில் தேறினால் பட்டப்படிப்பில் நுழையலாம். மூன்றாண்டுப் பட்டத்தை ஆறாண்டுகள் வரை நிதானமாக முடிக்கவும் இடமளித்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 1985ஆம் ஆண்டு ஒழுங்குமுறையும், முன்படிப்புச் சான்று இல்லாதவர் 21 வயது நிரம்பி நுழைவுத் தேர்வில் தேறினால் தொலைநிலையில் முதற்பட்டம் படிக்கலாம் என்று ஏற்றுக்கொண்டது.

சிக்கல் பட்டம் பெற்ற பின்னரே எழுந்தது. திறந்தநிலைப் பட்டங்களின் செல்லுபடி குறித்த அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் 2009இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மானியக் குழுவின் ஒழுங்குமுறை திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களையும் கட்டுப்படுத்தும் என்றும், முதற்பட்டம் இன்றி நேரடியாகப் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்றும் அது கூறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பத்தாம் வகுப்பும் மேல்நிலையும் முறையே முடித்த பின் பெற்ற திறந்தநிலைப் பட்டமே அரசுப் பணிக்கு ஏற்கப்படும் என்பது அதன் சாரம். இன்றும் தமிழ்நாட்டு அரசுப் பணித் தேர்வுகளில் பத்து, பன்னிரண்டு, பட்டம் என்னும் வரிசை கேட்கப்படுகிறது.

படிகளைத் தாண்டிப் பெற்ற பட்டத்தின் தரம் குறித்த ஐயம் முற்றிலும் பொருளற்றதன்று. நுழைவை எளிதாக்கிய சில நிறுவனங்கள் கற்பித்தலையும் தேர்வையும் சேர்த்தே தளர்த்தின என்னும் குற்றச்சாட்டு அக்காலத்தில் பரவலாக இருந்தது. ஆனால் அதற்கான தண்டனை மாணவர் தலையில் விழுந்தது. அரசின் ஒரு கை சட்டப்படி வாசலைத் திறந்தது. அவ்வழியே நுழைந்து, ஆண்டுக்கணக்கில் இரவில் கண்விழித்துப் படித்துப் பட்டம் வாங்கியவரிடம் மறுகை முன்வாசல் சீட்டு எங்கே என்று கேட்டது. நகரியில் படித்துத் திருத்தணியில் அரசு வேலை தேடுபவருக்கு இது வெறும் கொள்கை விவாதமன்று. பட்டம் தருபவர் ஒருவர், அதை ஏற்பவர் வேறொருவர் என்னும் நிலையில், இருவருக்கும் இடையிலான பள்ளத்தைத் தம் வயதையும் பணத்தையும் இட்டு நிரப்புபவர் மாணவரே.

இதற்கு நடைமுறை மாற்று உண்டு. 1989இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியும், 1991இல் அமைந்த ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பள்ளிச் சங்கமும் பத்தாம் வகுப்பையும் அதற்கு மேற்பட்ட படிப்பையும் பள்ளிக்குச் செல்லாமல் முடிக்க வழிசெய்கின்றன. படிகளை ஒவ்வொன்றாக ஏறிப் பட்டத்துக்கு வருவோரின் சான்றை எல்லையின் எப்புறத்திலும் எளிதில் மறுக்க இயலாது. காலம் கூடுதலாகும், வாங்கிய பட்டம் கைவிடாது. நுழைவுத் தேர்வு வழியையும் இவ்வழியையும் அருகருகே வைத்து, எந்தப் பணிக்கு எது செல்லும் என்பதைச் சேர்க்கையின்போதே மாணவருக்குச் சொல்வது நிறுவனங்களின் கடமை.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஓராண்டு படித்து நின்றவருக்குச் சான்றிதழும், ஈராண்டுக்குப் பட்டயமும், மூன்றாண்டுக்குப் பட்டமும் என வகுத்தது. 2021இல் வந்த மதிப்பெண் வங்கி, பாதியில் நின்றவர் ஈட்டிய மதிப்பலகுகளைச் சேமித்து வைக்கிறது. தேறிய தாள்களை மீண்டும் எழுதும் வீண்சுமையை இது குறைக்கிறது. ஆனால் அச்சேமிப்பின் ஆயுள் பொதுவாக ஏழாண்டு. இருபது வயதில் திருமணத்தால் திருப்பதிக் கல்லூரி ஒன்றை விட்ட பெண், கடைசிப் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டு நிமிரும்போது முப்பதைத் தாண்டியிருப்பார். அவர் வங்கிக்கு வரும் நாளில் கணக்கு காலாவதியாகியிருக்கும்.

தனித்தேர்வு, அஞ்சல்வழி, திறந்தநிலை, மதிப்பெண் வங்கி என நெகிழ்வு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வோர் உருவில் இவ்வட்டாரத்துக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் வாசலை அகலமாக்கிய விதியோடு, அதை ஓரிடத்தில் குறுக்கிய விதியொன்றும் உடன்வந்தது. படிக்க மீண்டும் வருவோரின் உழைப்பில் குறை ஏதும் காணோம். அவர்கள் கையில் கொடுக்கும் பட்டம், அதைக் கொடுத்த வாசலுக்கு வெளியேயும் செல்லுபடியாக வேண்டும். அதை உறுதி செய்யாத நெகிழ்வு, வறியவரிடம் வாங்கித் திருப்பித் தராத கடனுக்கே ஒப்பாகும்.