காயத்துக்கு விலை: நியூ ஆர்லியன்ஸ் பரிசுத் திட்டமும் ஒப்புதலின் எல்லையும்

அமெரிக்கக் கால்பந்தில் விழுந்தவர் எழ முடியாவிட்டால் சிறு வண்டி ஒன்று களத்துக்குள் வரும். சுற்றி நிற்பவர்கள் அணி பாராமல் ஒரு முழங்காலை ஊன்றி அமர்வார்கள். படுத்திருப்பவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் அரங்கம் முழுவதும் கைதட்டும். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியின் தற்காப்புப் பிரிவில் அந்த வண்டிக்கு ஒரு விலை இருந்தது. எதிராளி அதில் ஏற்றப்பட்டால் 1,000 டாலர். ஆட்டத்துக்கே திரும்ப முடியாமல் போனால் 1,500. 2009 முதல் 2011 வரை மூன்று பருவங்கள் இது நடந்ததாகத் தேசியக் கால்பந்து லீக் 2012 மார்ச்சில் அறிவித்தது. தற்காப்புப் பயிற்சியாளர் கிரெக் வில்லியம்ஸ் நிர்வகித்த அந்த நிதிக்கு வீரர்களே பணம் போட்டார்கள்.

இத்திட்டத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. மோதல்தான் இந்த ஆட்டம். ஆபத்தை அறிந்து ஒப்பிய பிறகே வீரர் இறங்குகிறார். விதிக்கு உட்பட்ட மோதலுக்குப் பரிசு தந்தால் என்ன கெட்டுவிடும்?

அவர் எதற்கு ஒப்பினார் என்பதில்தான் விடை இருக்கிறது. பந்தோடு ஓடுபவர் தடுக்கப்படுவதற்கு ஒப்புகிறார். தடுக்கும்போது காயம் நேரலாம் என்பதையும் ஏற்கிறார். தன் காயமே பிறர் நாடும் பொருளாக இருப்பதற்கு அவர் ஒப்பவில்லை. இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஓடியவர் வீழ்த்தப்பட்டார், பந்து நின்றது, அவர் நலமாக எழுந்தும் விட்டார். தடுத்தவரின் வேலை முழுமையாக முடிந்துவிட்டது. ஆனால் பரிசுத் திட்டத்தின் கணக்கில் அவருக்கு 1,000 டாலர் நட்டம். விதி மீறப்படாத இடத்திலும் நோக்கம் திரிந்துவிடுகிறது. குத்துச்சண்டையிலும் எதிராளியைச் சாய்ப்பதே குறி அல்லவா என்று கேட்கலாம். அங்கே அந்தக் குறி இருவருக்கும் தெரிந்தது. இங்கே தன் உடல்மேல் விலை வைக்கப்பட்டிருப்பது ஓடுபவருக்குத் தெரியாது.

2012 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோ அணியுடனான ஆட்டத்துக்கு முன் கிரெக் வில்லியம்ஸ் பேசியது ஒலிப்பதிவாக வெளிவந்தது. கைல் வில்லியம்ஸ் என்ற வீரருக்கு முன்பே தலையில் அடிபட்டிருந்ததைச் சுட்டி, அதைச் சோதித்துப் பார்க்கத் தூண்டுகிறார். மைக்கேல் கிராப்ட்ரீயின் முழங்கால் தசைநாரையும் குறிவைக்கச் சொல்கிறார். என்னை மிகவும் உலுக்கியது இதுதான். ஒருவர் உடலின் பழைய புண், அவரைக் காக்க வேண்டிய மருத்துவச் செய்தி, தாக்குதலுக்கான வரைபடமாகிறது. தாக்குபவரும் தாக்கப்படுபவரும் ஒரே தொழிற்சங்கத்தின் உறுப்பினர்கள் என்பதை இந்த விவாதத்தில் யாரும் போதிய அளவு எடைபோடவில்லை. பெரும்பாலான ஒப்பந்தங்களுக்கு முழு உத்தரவாதம் இல்லாத தொழில் இது. முழங்கால் போனால் அடுத்த பருவம் இடமே இல்லாமல் போகலாம். தொழிலாளியின் பிழைப்பைத் தொழிலாளியே பறிக்கக் கூலி கொடுக்கப்பட்டது.

தண்டிக்கும் தகுதி லீக்குக்கு இருந்ததா? 2010 அக்டோபரில் ஜேம்ஸ் ஹாரிசன் என்ற வீரரின் மோதல் ஒன்றுக்கு 75,000 டாலர் அபராதம் விதித்த அதே நாட்களில், அந்த மோதலின் படம் லீக்கின் இணையதளத்தில் விற்பனைக்கு இருந்தது. கண்டனம் எழுந்த பிறகே அகற்றப்பட்டது. இந்தக் கறை செயின்ட்ஸ் அணியின் குற்றத்தைக் குறைக்காது. ஆனால் பொறுப்பை மேலிருந்து அளக்க வேண்டும் என்பதற்கு இது சான்று. தலைமைப் பயிற்சியாளர் ஷான் பேட்டன் ஒரு பருவம் முழுவதும் விலக்கப்பட்டார். நான்கு வீரர்களுக்கு விதித்த தடைகளை லீக்கின் முன்னாள் ஆணையர் பால் டாக்லியபு 2012 டிசம்பரில் நீக்கினார். மூவரின் நடத்தை தவறு என்பதை அவர் மறுக்கவில்லை. அந்தத் தீர்ப்பு சரி என்றே கருதுகிறேன். பயிற்சியாளர் கைகாட்டிய இடத்தில் மோத மறுப்பவர் மறுநாள் அணியில் இருப்பாரா என்பதும் அந்தப் பயிற்சியாளர் கையில்தான் இருந்தது.