டெண்டகுரு குன்றும் சுமை தூக்கிய தோள்களும்

தான்சானியா நாட்டின் தென்பகுதியில் லிண்டி என்றொரு துறைமுகம் உண்டு. அதற்கு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் டெண்டகுரு என்னும் குன்று நிற்கிறது. அதன் வரலாற்றை இன்று பார்ப்போம்.

ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அவ்விடம் கடலோரமாக இருந்தது. கடல் உள்ளே வந்தபோது மணல் படிந்தது. பின்வாங்கியபோது சேறு படிந்தது. மணல் மணற்பாறையாகவும், சேறு சுண்ணாம்பு கலந்த களிமண் பாறையாகவும் இறுகின. அந்தச் சேற்றில் புதைந்த டைனோசர்களின் எலும்புகள் கல்லாயின.

1906-ஆம் ஆண்டில் சாட்லர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் அங்கே மண்ணுக்கு வெளியே துருத்திநின்ற பெரிய எலும்பைக் கண்டார். அப்பகுதி அப்போது ஜெர்மனியின் ஆட்சியில் இருந்தது. அந்த ஆட்சியை எதிர்த்து 1905 முதல் 1907 வரை மக்கள் நடத்திய மஜி மஜி கிளர்ச்சி கொடுமையாக ஒடுக்கப்பட்டது. பஞ்சமும் சேர்ந்து மக்களை வாட்டியது.

அந்தத் துயரம் ஆறுமுன்னே, 1909-இல் பெர்லின் அருங்காட்சியகத்தார் அங்கே தோண்டத் தொடங்கினர். யானென்ஷ், ஹென்னிக் என்ற அறிஞர்கள் தலைமை தாங்கினர். மண்வெட்டி பிடித்தவர்களோ உள்ளூர் மக்கள். 1913 வரை நூற்றுக்கணக்கானோர் உழைத்தனர். செட்சி ஈ கடித்தால் மாடும் குதிரையும் மாண்டுபோகும். ஆகவே வண்டி கட்ட வழியில்லை. மனிதரே எலும்புகளைத் தலையிலும் தோளிலும் சுமந்து நான்கு நாள் நடந்து லிண்டிக்குக் கொண்டு சேர்த்தனர். இப்படிக் கப்பலேறிய சுமை 200 டன்னுக்கும் மேல்.

அந்த எலும்புகளைக் கொண்டு 1937-இல் பெர்லினில் நிறுத்தப்பட்ட எலும்புக்கூட்டின் உயரம் 13 மீட்டருக்கும் அதிகம். அறிஞர்களின் பெயர்கள் நூல்களில் ஏறின. சுமந்தவர்களில் பெரும்பாலோர் பெயரின்றிப் போயினர். தொழிலாளர்களுக்கு மேற்பார்வையாளராக இருந்து, எலும்பை உடையாமல் எடுப்பதில் கைதேர்ந்த போஹெட்டி பின் அம்ரானியின் பெயரோ நிலைத்தது. டெண்டகுருவில் கிடைத்த ஒரு டைனோசருக்கு 2007-ஆம் ஆண்டில் அவர் பெயரைச் சேர்த்து வைத்தனர். நூறாண்டுக்குப் பின் வந்த மரியாதை அது.

உழைப்பின் அருமை நமக்குத் தெரியாததல்ல. அந்த எலும்புக்கூட்டின் படத்தை நம் பிள்ளைகள் எங்கேனும் கண்டால், "இவ்வளவு பெரிய விலங்கா!" என்று வியக்கட்டும். "இதைக் காட்டிலிருந்து சுமந்து வந்தவர்கள் யார்?" என்றும் கேட்கட்டும். அப்படிக் கேட்கப் பழகுவதே வரலாறு படிப்பதன் பயன்.