கடல் கைவிட்ட புரூஜ் நகரம்

உல்லாசப் பிரயாணிகளின் கூட்டம் கலைந்து, கால்வாய்களில் படகுச் சவாரியும் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும் தை, மாசி மாதங்களில் பெல்ஜிய நாட்டுப் புரூஜ் நகரத்தைக் காண்பவர்க்கே, அதன் பூர்வ சரித்திரம் தெளிவாகப் புலப்படும். 1134-ஆம் ஆண்டின் பெரும்புயல் ஸ்வின் என்னும் கடற்கழியை அகழ்ந்து கொடுத்ததனால் செழித்த இந்நகரில், ஆங்கில நாட்டு ஆட்டு ரோமமும், வெனிஸ், ஜெனோவா வர்த்தகர் கொணர்ந்த வாசனைத் திரவியங்களும் வந்து குவிந்தன.

கொடுத்த கடலே பின்னர் மணலால் அக்கழியைத் தூர்த்தது; அதனோடு, 1488-இல் ஹாப்ஸ்பர்க் வம்சத்து மாக்ஸிமிலியனை நகரத்தார் சிறைவைத்ததனால் விளைந்த பகையும் சேர, அயல்நாட்டு வணிகர் ஆன்ட்வெர்ப்புக்குக் குடிபெயர்ந்தனர். செல்வம் அகன்றபின், பழையன இடித்துப் புதியன எழுப்பப் பொருளின்றிப் போன தரித்திரமே ஊரின் புராதன ரூபத்தைக் காத்தது.

83 மீட்டர் உயர்ந்த மணிக்கூண்டில், குறுகிச் சுழலும் 366 படிகளேறிச் சென்றால், பெரிய உலோக உருளையொன்றின் முளைகள் நெம்புகோல்களைத் தூக்க, கம்பிகள் இழுபட்டு மணிகள் தாமே இசைப்பதைக் காணலாம். 1907-இல் ஸீப்ரூக் துறைமுகம் திறக்கப்பட்டுக் கடல்வழி மீண்டும் கிட்டியபோதிலும், 2000-இல் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக ஏற்றது, வறுமை காத்த அந்தப் பழைய நகரத்தைத்தான்.