கண்ணாடித் தொட்டிக்குள் ஓர் ஏரி



நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணைக்குள் நுழைந்ததும் கண்ணை எரிக்கிற நெடி ஒன்று வருமே, அதுதான் அமோனியா. பச்சைக் கோழி எருவை அப்படியே போட்டால் பயிர் கருகிப் போகும். மக்க வைத்துப் போட்டால் அதே எரு பயிரைத் தூக்கி நிறுத்தும். இது தெரிந்த உங்களுக்கு வண்ண மீன் தொட்டியின் சூட்சுமம் பாதி தெரிந்த மாதிரிதான். மீதிப் பாதியை உலகம் எப்படிக் கற்றுக்கொண்டது என்ற கதையை இன்றைக்குச் சொல்கிறேன்.

இப்போது நம் ஊர்ப் பிள்ளைகள் பெரிய தொட்டி வைத்து, செடி நட்டு, மீன் வளர்க்க ஆசைப்படுகிறார்கள். சிலர் உபதொழிலாகவும் நினைக்கிறார்கள். ஆனால் தொட்டி வாங்கின மறுநாளே மீனை விடுகிறார்கள். ஒரு வாரத்தில் மீன் செத்து மிதக்கிறது. "தண்ணி பளிங்கு மாதிரி இருந்துச்சே, எப்படிச் செத்துச்சு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதானுங்க.

1849இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன அறிஞர் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்கமீன்களை விட்டார். நாடா மாதிரி நீண்ட இலையுள்ள நீர்ச்செடி ஒன்றையும் நட்டார். மீன் விடும் மூச்சைச் செடி வாங்கிக்கொண்டு, மீனுக்கு வேண்டிய பிராணவாயுவைக் கொடுக்கும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் பழுத்த இலை அழுகித் தண்ணீர் கலங்கியது. அப்புறம் குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். நத்தை அழுகலைத் தின்றது, நத்தையின் முட்டையை மீன் தின்றது, தண்ணீர் தெளிந்தது. 1850இல் இதை எழுதி வெளியிட்டார். 1853இல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன்களுக்கென்று தனிக் கட்டடமே திறந்தார்கள். நம் சென்னைக் கடற்கரையிலும் 1909இல் மீன் காட்சி சாலை ஒன்று வந்தது.

செடி, மீன், நத்தை என்று மூன்று கூட்டாளிகள் தெரிந்தாச்சு. கண்ணுக்குத் தெரியாத நாலாவது கூட்டாளி ஒருவன் இருந்தான். 1877இல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர், மணலும் சுண்ணாம்புத் தூளும் நிரப்பிய குழாய் வழியாகச் சாக்கடை நீரை மெதுவாக இறக்கினார்கள். 20 நாள் வரைக்கும் ஒரு மாற்றமும் இல்லை. அதற்கப்புறம் அமோனியா மறைந்து நைட்ரேட் வரத் தொடங்கியது. குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தினதும் அந்த வேலை நின்றுபோனது. ஆக, வேலை செய்தது வெறும் மணல் இல்லை, மணலில் குடியிருந்த உயிர்! 1890இல் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் அந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்துக் காட்டினார். ஒரு வகை அமோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது; இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்குகிறது. நைட்ரேட் செடிக்கு உரம்.

அந்த 20 நாளை மறக்காதீர்கள். மீனும் அமோனியாவைத்தான் கழிக்கிறது. புதுத் தொட்டியில் அதை மாற்றும் நுண்ணுயிர் கிடையாது. மீன் சாவது அதனால்தான். எரு மக்க நாள் ஆவது போல, தொட்டி பழகவும் மூன்று நான்கு வாரம் ஆகும்.

இனி ஏற்பாட்டுக்கு வருவோம். 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள தொட்டி சுமார் 450 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 450 கிலோ. மணலும் கல்லும் சேர்ந்தால் அரை டன்னைத் தாண்டும். கெட்டியான மேடை போட்டு வையுங்கள்.

வடிகட்டியில் முதலில் பஞ்சு, அடுத்து செங்கல் துண்டு அல்லது கூழாங்கல். பஞ்சு அழுக்கைப் பிடிக்கும். கல் நுண்ணுயிருக்கு வீடு. மோட்டார் மணிக்கு நாலைந்து முறை மொத்தத் தண்ணீரையும் சுற்ற வேண்டும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவினால் நுண்ணுயிர் செத்துவிடும்.

அலங்காரத்துக்கு பிளாஸ்டிக் பொம்மை எதற்கு? கருங்கல் இருக்கிறது, ஊறப்போட்ட காய்ந்த வேர்க்கட்டை இருக்கிறது. சுக்கான் கல் மட்டும் வேண்டாம். ஏற்கெனவே உப்பேறின போர்த் தண்ணீரை அது இன்னும் கடினமாக்கும். சந்தேகமானால் எலுமிச்சைச் சாறு சொட்டிப் பாருங்கள். நுரைத்தால் அந்தக் கல்லை ஒதுக்குங்கள்.

இந்தக் கதை தொட்டியோடு முடிவதில்லை. ஏரியும் ஒரு பெரிய தொட்டிதான். சேர்வராயன் மலைத் தண்ணீர் வந்து சேரும் சேலம் மூக்கனேரியை 2010இல் சேலம் மக்கள் குழுவினர் தூர் எடுத்தார்கள். எடுத்த மண்ணையே நடுவில் தீவுகளாகக் குவித்து மரக்கன்று நட்டார்கள். பறவைகள் வந்து தங்கின. அதே மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு என்ன ஆனது? சாயக் கழிவும், சாக்கடையும், ஜவ்வரிசி ஆலைக் கழிவும் அதில் கலந்தன. மாவு ஒன்றும் விஷம் இல்லை. ஆனால் அதைத் தின்னப் பெருகும் நுண்ணுயிர் தண்ணீரிலுள்ள பிராணவாயுவையெல்லாம் இழுத்துவிடுகிறது. மீன் மூச்சுமுட்டிச் சாகிறது, நாற்றம் எடுக்கிறது. அதே கழிவிலிருந்து சாண எரிவாயு மாதிரி வாயு எடுக்கும் ஆலைகளும் நம் பக்கத்தில் இருக்கின்றன. மனசு வைத்தால் வழி இருக்கிறது.

ஆகவே பெருமக்களே, பிள்ளை தொட்டி கேட்டால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மூன்று நான்கு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். அளவோடு தீனி போடச் சொல்லுங்கள். தண்ணீர் எவ்வளவு செரிக்கும் என்று தொட்டியில் கற்றவன், நாளைக்கு ஏரியில் குப்பை கொட்டக் கூசுவான்.